அரிசியும் ஆய்வுக்கூடமும்

ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையைச் செய்து முடித்தல் எளிது. கிடைத்த முடிவை நிறுத்துப் பார்த்து, அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என உணர்தலே அரிது. இவ்வுண்மைக்கு மலாயாவின் மருத்துவ வரலாற்றிலேயே சிறந்ததொரு சான்று உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் பெரிபெரி என்னும் நோய் பல்லாயிரவரை வாட்டியது. கால்கள் மரத்தும், உடல் வீங்கியும், இதயம் தளர்ந்தும் மக்கள் மாண்டனர். கிருமிகளே நோய்களுக்கு மூலம் என்னும் கருத்து ஓங்கியிருந்த காலம் அது. ஆதலின் மருத்துவர் பலர் இதனையும் தொற்றுநோய் எனக் கருதிக் கிருமியைத் தேடினர்.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் மக்களின் உணவை நோக்கினார். ஆலையில் தீட்டிய வெள்ளையரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே நோய் மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அரிதாயிருந்தது. கையால் குற்றிய அரிசியை உண்ட மலாய்க்காரரும் தப்பினர். அவர் கண்டது மெய்யே. ஆயினும், கெட்டுப்போன அரிசியில் நச்சு தோன்றுகிறது என அவர் கொண்ட முடிவு பிழையாயிற்று.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினர்க்கு ஒருவகை அரிசியும் இரட்டைப்படை எண்ணினர்க்கு மற்றொரு வகையும் அளித்தார். நோய்க்குக் கட்டடமே காரணமோ என்னும் ஐயம் எழாதிருக்க, இடையில் இரு சாராரையும் இடம் மாற்றினார். வெள்ளையரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவரிடம் மட்டுமே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் சேரும்போதே நோயுடன் வந்தவர்கள். ஒருவரும் இறக்கவில்லை. உடன்பாடோ மறுப்போ கூற இயலாதவர்மீது நடத்திய இத்தகைய சோதனையை இன்றைய மருத்துவ நெறி ஏற்காது என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் ஆய்வைத் தொடர்ந்தனர். நெகிரி செம்பிலானில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை அவர்கள் இரு பிரிவாக்கினர். வெள்ளையரிசி உண்ட பிரிவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் அரிசியைப் பின்தொடர்ந்தது.

பின்னர் அவ்விருவரும் அரிசியை ஆய்வுக்கூடத்தில் பகுத்தாய்ந்தனர். நோய் தரும் அரிசியில் பாஸ்பரஸ் குறைந்திருந்தது. பாஸ்பரஸ் பென்டாக்சைடின் அளவு நூற்றுக்கு 0.4 பங்கிற்குக் குறைந்தால் அவ்வரிசி தீங்குடையது என அவர்கள் வகுத்தனர். எனின், பாஸ்பரஸ் குறைவுதான் நோய்க்குக் காரணமோ? அவர்கள் அவ்வாறு அவசரப்படவில்லை. தவிட்டிலிருந்து சாராயத்தால் பிரித்தெடுத்த சாறு கோழிகளை நோயினின்று காத்தது. அச்சாற்றிலோ பாஸ்பரஸ் சிறிதளவே இருந்தது. ஆகவே பாஸ்பரஸ் அடையாளமேயன்றி மருந்தன்று எனத் தெளிந்தனர். தீட்டும்போது தவிட்டோடு பாஸ்பரஸும் போகிறது, உயிர்காக்கும் பொருளும் போகிறது. முன்னதை அளந்தால் பின்னதன் இழப்பை அறியலாம். இதுவே அச்சோதனையின் பொருள்.

அவ்வுயிர்காக்கும் பொருளை 1926இல் பத்தாவியாவில் ஜான்சன், டோனாத் என்னும் இருவர் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். தயமின் எனப்படும் வைட்டமின் பி1 அதுவே. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள இச்சத்து அரிசியின் உள்ளே சென்று தங்குகிறது. பின்னர் ஆலையில் தீட்டினும் அது முற்றும் நீங்குவதில்லை. தமிழ்த் தொழிலாளரைக் காத்தது, காரணம் அறியாமலே அவர்கள் கைக்கொண்டிருந்த பழக்கம்தான்.

இன்றும் இரத்தச் சோதனைத் தாளில் ஓர் எண் கூடியோ குறைந்தோ இருக்கக் கண்டால், அதையே நோயென்று கொள்வார் உளர். எண் ஓர் அடையாளம். அது எதன் அடையாளம் என வினவுதலே அறிவியல். அவ்வினாவைக் கேட்கப் பழகிய மாணவனே நாளை ஆய்வுக்கூடத்தில் நம்பத்தக்க பணியாளனாவான்.