ஐப்பசி முதல் ஆடி வரை: கப்ஸ் கோயிலின் ஓராண்டு

திருவிழாக்கள் அந்தந்த மண்ணின் பருவத்தோடு பிறப்பவை. பிரான்சில் நோயேல் என்னும் கிறிஸ்துமஸ் நீண்ட குளிரிரவின் நடுவே ஏற்றப்படும் விளக்கு. பாஸ்கா என்னும் உயிர்ப்புப் பெருவிழா, பட்டுப்போன கிளைகள் துளிர்க்கும் வேளையில் வருவது. நவம்பர் மாதக் கல்லறைத் திருநாளை அங்கே இலையுதிர் காலத்திலிருந்து பிரித்துப் பார்க்கவே இயலாது. இந்த விழாக்கள் கப்பலேறிச் சோழமண்டலக் கரையில் இறங்கியபோது இங்கே உறைபனியும் இல்லை, இலையுதிர் காலமும் இல்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று வேறொரு வரிசையில் காலம் சுழன்றுகொண்டிருந்தது. அந்த விழாக்கள் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு, அவை நம் பருவங்களுக்குள் குடிபுகுந்துகொண்டதே காரணம் என்பது என் துணிபு. பிரெஞ்சு அரசின் ஆதரவு அதற்கு அடுத்தபடிதான்.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வெளிவரும் மலரில் புதுச்சேரிக் கோயில் ஒன்றைப் பற்றி எழுதுவது பொருத்தமே. ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், 1734இல், நெசவாளர் குடியிருப்பாக எழுந்தது இப்பேட்டை. பெரும் தமிழ்–ஆங்கில அகராதியை 1862இல் வெளிக்கொணர்ந்த அமெரிக்க மிஷனரி மைரன் வின்சுலோ இங்கே பணியாற்றினார். பிறநாட்டார் கொணர்ந்த சமயமும் நம் மொழியும் உறவாடிய கதை இவ்வூருக்குப் புதிதன்று. பிரெஞ்சு பேசும் குருக்களும் முதலில் வேரூன்றியது சென்னையில்தான். பெகு நாட்டுக்குப் போகப் புறப்பட்ட எஃப்ரேம் தெ நெவேர் என்னும் கப்புச்சின் துறவி, 1642இல் சென்னைக் கோட்டையில் தங்கிவிட்டார். கோட்டையின் ஆங்கிலிக்கத் தேவாலயமான புனித மரியாள் ஆலயம் திறக்கப்பட்டது 1680இல். அதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டு முன்பே, போர்த்துகீசிய வழியினரும் தமிழரும் கலந்த ஒரு சபையை இந்தப் பிரெஞ்சுத் துறவி மேய்த்துவந்தார். கோவாவின் சமய விசாரணை மன்றம் அவரைச் சிறையில் அடைத்தும் அந்தப் பணி அழியவில்லை.

அதே கப்புச்சின் சபையார் புதுச்சேரியிலும் ஐரோப்பியருக்கென ஒரு கோயிலைப் பேணினார்கள். தூதர்களின் அன்னை என்று பொருள்படும் நோத்ருதாம் தெ சான்ழ் என்பது அதன் பெயர். ஊரார் வாயில் இன்றும் கப்ஸ் கோயில். டூமா தெருவில் இப்போது கடலுக்குப் பக்கத்தில் நிற்கும் கட்டடம் 1855இல் நிறைவுற்றது. லூயி கேர் வரைந்த திட்டம் அது. சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்த்துப் பூசிய உட்சுவர்கள் சலவைக்கல் போலப் பளபளக்கும். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளிலும் இங்கே திருப்பலி உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சொல்தா குடும்பத்தினர், 1881ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசாணைப்படி குடும்பப் பெயர் சூடியவர்களின் வழித்தோன்றல்கள், கிரெயோல் குடும்பத்தார், பிரான்சிலிருந்து வந்து தங்கியோர் என்று பலரும் பிரெஞ்சுத் திருப்பலியோடு தொடர்புடையவர்கள்.

இந்தக் கலப்பு எளிதில் வந்துவிடவில்லை. வெள்ளையர் நகரத்துக்கு ஒரு கோயில், தமிழருக்கு இயேசு சபையாரின் சம்பா கோயில் என்று முதலில் பிரித்தார்கள். சம்பா கோயிலுக்குள்ளேயும் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் நின்றது. அந்தச் சுவரை எதிர்த்து 1745இல் எழுந்த கிளர்ச்சியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இன்று பல மொழியினர் ஒரே கூரையின் கீழ் கூடும் விழாவைப் போற்றும்போது அந்தச் சுவரையும் நினைக்கத்தான் வேண்டும்.

விழாக்களின் சுற்றை ஐப்பசியில் தொடங்குவோம். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா. மறுநாள் கல்லறைத் திருநாள். பிரான்சில் இந்நாட்களில் கல்லறைகளை நிறைப்பது சாமந்தி. முதல் உலகப் போருக்குப் பின் அது அங்கே இறந்தோருக்குரிய மலராகவே நிலைத்துவிட்டது. வாழ்வோருக்குப் பரிசாகக் கொடுக்க மாட்டார்கள். நம் நாட்டிலோ அதே சாமந்தி கல்லறைக்கும் போகும், சாமி மாலைக்கும் மணமாலைக்கும் போகும். துக்கத்துக்கென்று அதை ஒதுக்கிவைக்காத நம் வழக்கத்தில் எனக்குப் பெருமை உண்டு. இது வடகிழக்குப் பருவமழையின் காலமுமாகும். புதுச்சேரியின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான இந்த மூன்று மாதங்களில் பெய்கிறது. மெழுகுவர்த்தியை மழையிடமிருந்து காப்பதே இங்கே பெரும்பாடு. 1954இல் இதே நவம்பர் 1 அன்றுதான் புதுச்சேரி ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. விடுதலை நாளும் புனிதர் விழாவும் இன்று ஒரே தேதியில் இருக்கின்றன.

அடுத்து வரும் திருவருகைக் காலம் இக்கரையில் புயல் காலம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறிக் கொட்டித் தீர்த்தது. தெருக்கள் நீரில் கிடந்த மறுநாள்தான் அவ்வாண்டுத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. காத்திருத்தல் என்பதை அந்த வாரம் யாருக்கும் தனியாக விளக்க வேண்டியிருந்திராது. நோயேல் மார்கழியில் அமைந்தது நல்வாய்ப்பு. வாசலில் கோலமும் விடியலில் பாடலும் ஏற்கெனவே இருந்த மாதத்தில், வீட்டு முகப்பில் ஒரு நட்சத்திரம் கூடுதலாகத் தொங்கியது, அவ்வளவுதான். ஜனவரியில் மூன்று அரசர் விழாவுக்குப் பிரெஞ்சு வீடுகளில் காலெத் என்னும் பணியாரம் வெட்டிப் பங்கிடுவார்கள். அதற்கடுத்த வாரம் பொங்கல்.

பாஸ்காவைக் கணிக்கும் முறை நம்மவருக்கு அந்நியமானதன்று. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே அது. பங்குனி உத்திரமும் முழுநிலவை ஒட்டியே வருவதால் இரண்டும் பல ஆண்டுகளில் நெருங்கி நடக்கின்றன. 2021 மார்ச் 28 அன்று பங்குனி உத்திரமும் குருத்தோலை ஞாயிறும் ஒரே நாளில் வந்தன. மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நெருக்கம் எளிதில் விளங்கும். ஓலையில் இன்னொரு மாற்றம். பிரான்சின் பல பகுதிகளில் அந்த ஞாயிறன்று ஏந்துவது பக்சுச் செடியின் சிறு கிளை. நம் கரையில் தென்னங்குருத்து. ஒலிவ இலையும் ஈச்ச ஓலையும் கண்ட எருசலேமுக்கு எது கிட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால், நம் குருத்தோலையைத்தான் சொல்வேன்.

மே மாதம் ழான் தார்க்கின் மாதம். பிரான்சைக் காக்கப் போரிட்ட அந்த உழவர் வீட்டுப் பெண் 1920இல் புனிதராக உயர்த்தப்பட்டார். கோயிலுக்கு எதிர்ப் பூங்காவில், கத்திரி வெயிலில், அவருடைய வெள்ளைச் சிலை நிற்கிறது. ஜூலை 14 பிரான்சின் தேசிய நாள், அரசு விழா. கோயிலுக்கு வெளியே நடப்பது.

ஆண்டின் உச்சம் ஆடிக் கடைசியில். ஆகஸ்டு 2 தூதர்களின் அன்னைக்குப் பிரான்சிஸ்கன் துறவியர் எடுக்கும் விழா. கப்புச்சின் சபையும் பிரான்சிஸ்கன் கிளையே என்பதால் கோயிலின் பெயரே அந்த மரபில் வந்தது. ஆகஸ்டு 15 அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. பதின்மூன்றாம் லூயி 1638இல் தம் நாட்டை அன்னைக்கு ஒப்படைத்த காலம் முதல் பிரான்சுக்கு இது தனிச்சிறப்புடைய நாள். நெப்போலியன் பிறந்த தேதியும் இதுவாகையால், இக்கோயில் எழுந்த மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அரசு விழாவும் அன்றுதான். ஸ்ரீ அரவிந்தர் பிறந்ததும் ஆகஸ்டு 15. சில தெருக்கள் தள்ளி ஆசிரமத்தில் அன்று தரிசன நாள். 1947இல் இந்தியா விடுதலை பெற்றபோது புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக் கொடியின் கீழ். 1962 ஆகஸ்டு 16, விண்ணேற்பு விழாவின் மறுநாள், சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களும் தேராதவர்களுமாகக் குடும்பங்கள் பிரிந்தன.

அந்த ஆண்டுகளைக் கண்டவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். எந்த விழாவுக்கு எந்தப் பலகாரம், எந்தப் பாடலை எந்த மெட்டில் பாடினார்கள், எந்த வேண்டுதலை எந்த மொழியில் சொன்னார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கிறது. கோயில் இருக்கும் அதே டூமா தெருவில் தூரகிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து அது பேணிவரும் சைவ ஆகமச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. இந்த முதியோரின் விழா நினைவுகளையும் அதே அக்கறையோடு, அவர்கள் குரலிலேயே, தமிழ்–பிரெஞ்சு இரண்டிலும் பதிவுசெய்ய வேண்டும். அடுத்த ஆகஸ்டுக்குள் தொடங்கினாலும் நல்லதே.