சாம்பியன் ஹர்டில்

சாம்பியன் ஹர்டில், இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷர் பகுதியில் செல்ட்டனம் நகரை ஒட்டியுள்ள பிரெஸ்ட்பரி பார்க் மைதானத்தில் ஆண்டுதோறும் மார்ச் மாதம் நடக்கும் தடை தாண்டும் குதிரைப் பந்தயம். நான்கு நாள் செல்ட்டனம் பந்தய விழாவின் முதல் நாளான செவ்வாய்க்கிழமை இது ஓடப்படுகிறது. தூரம் 2 மைலும் 87 கெஜமும், அதாவது ஏறத்தாழ 3,300 மீட்டர். வழியில் எட்டுத் தடைகள். நான்கு வயதும் அதற்கு மேலும் ஆன குதிரைகள் கலந்துகொள்ளலாம். குறைந்த தூரத் தடை ஓட்டத்தில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எந்தக் குதிரை முதன்மையானது என்பதை முடிவு செய்யும் பந்தயமாக இதுவே கருதப்படுகிறது. 1927இல் தொடங்கிய இதன் வரலாற்றில் ஐந்து குதிரைகள் மும்முறை வென்றிருக்கின்றன. நான்காம் முறை வென்ற குதிரை ஒன்றுகூட இல்லை.

பிரிட்டனில் தாவல் பந்தயங்கள் இரு வகைப்படும். ‘சேஸ்’ எனப்படும் வகையில் குதிரைகள் குறைந்தது நாலரை அடி உயரமுள்ள, அடர்ந்த புதர்வேலி போன்ற தடைகளைத் தாண்ட வேண்டும். ‘ஹர்டில்’ வகைத் தடை அதைவிடச் சிறியது: சுமார் மூன்றரை அடி உயரச் சட்டங்களை ஓடும் திசையில் சற்றுச் சாய்த்துத் தரையில் ஊன்றி வைப்பார்கள். அந்நாட்டு இடையர்கள் ஆட்டுப்பட்டி அடைக்கப் பயன்படுத்திய படல்தான் இதன் மூலம். குதிரையின் கால் பட்டால் படல் வளைந்து கொடுக்கும். அதனால் இங்கே உயரத் தாவும் வலிமையைவிட, வேகம் குறையாமல் தாழப் பறந்து கடக்கும் லாகவமே முக்கியம். தடையில்லாச் சமதளப் பந்தயங்களில் ஓடிப் பழகிய குதிரைகள் பல இந்தப் பக்கம் வந்து பெயர் பெற்றதற்கு இதுவே காரணம். ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குதிரைகள் 11 ஸ்டோன் 10 பவுண்டு, அதாவது 74 கிலோவுக்குச் சற்று மேல், சுமக்கின்றன. நான்கு வயதுக் குதிரைகளுக்கும் பெண் குதிரைகளுக்கும் எடைச் சலுகை உண்டு. பெண் குதிரைகளுக்கு இப்போது 7 பவுண்டு குறைத்துக் கொள்ளப்படுகிறது.

செல்ட்டனத்தில் சேஸ் வகைக்கான கோல்டு கப் 1924இல் தொடங்கியது. மூன்றாண்டுகள் கழித்துத் தடை ஓட்டத்துக்கும் இணையான ஒரு பந்தயம் வந்தது. 1927இன் முதல் ஓட்டத்தில் நான்கே குதிரைகள் ஓடின. வென்றது பிளாரிஸ், கிடைத்த பரிசு 365 பவுண்டு. அதை ஓட்டிய ஜார்ஜ் டல்லர் தடை ஓட்டத்திலேயே தனித்தேர்ச்சி பெற்றவர். குதிரை மட்டும் போதாதென்று பென்ட்லி கார்களிலும் பந்தயம் ஓட்டியவர். அடுத்த ஆண்டு வென்ற பிரவுன் ஜாக் இந்தப் பந்தயத்தோடு தடைகளை விட்டு விலகிச் சமதளத்துக்குப் போனது. அங்கே ராயல் ஆஸ்காட்டில் குவீன் அலெக்சாண்ட்ரா ஸ்டேக்சை 1929 முதல் 1934 வரை தொடர்ந்து ஆறு முறை வென்று ஆங்கிலேயப் பந்தய ரசிகர்களின் செல்லமாகிவிட்டது. சாம்பியன் ஹர்டில் அதன் வாழ்க்கையில் ஒரு தொடக்கக் குறிப்பு மட்டுமே. புதிய பந்தயத்தின் அன்றைய மதிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். 1931இல் உறைபனியால் ஓட்டம் கைவிடப்பட்டது. 1932இல் மூன்று குதிரைகளே வந்தன. செல்வச் சீமாட்டி டாரதி பேஜெட்டின் இன்ஷ்யூரன்ஸ் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் வென்று, இருமுறை வென்ற முதல் குதிரை ஆனது. இரண்டாம் உலகப் போர் 1943, 1944 ஆகிய ஆண்டுகளின் ஓட்டங்களை விழுங்கியது.

பந்தயத்துக்கு உண்மையான மவுசு வந்தது போருக்குப் பிறகுதான். நேஷனல் ஸ்பிரிட் 1947, 1948 ஆண்டுகளில் வென்ற பின், அயர்லாந்திலிருந்து ஹேட்டன்ஸ் கிரேஸ் வந்தது. பார்வைக்குச் சாதாரணமான அக்குதிரை, ஓய்வு கொடுக்க வேண்டிய வயதில், 9, 10, 11 வயதுகளில், 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று முறை வென்றது. பயிற்சியாளர் வின்சென்ட் ஓபிரையன். பின்னாளில் சமதளப் பந்தய உலகையே ஆண்ட அவருக்குத் தொடக்கப் புகழ் தேடித் தந்தவை இத்தகைய தாவல் குதிரைகளே. நான்காம் முறையாக 1952இல் களமிறங்கிய கிழட்டுக் குதிரையால் இளையவற்றுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த ஆண்டு வென்ற சர் கென், 1953, 1954 ஆண்டுகளிலும் வென்று அதே மூன்றை எட்டியது. 1955இல் அதுவும் கிளேர் சொலேயிடம் பட்டத்தை இழந்தது. சர் கென்னின் மூன்று வெற்றிகளிலும், ஹேட்டன்ஸ் கிரேசின் கடைசி வெற்றியிலும் சேணத்தில் இருந்தவர் ஒருவரே: ஜாக்கி டிம் மலோனி. குதிரைகளுக்கு எட்டாத நான்கு இப்படி அவருக்குத் தொடர்ச்சியாகவே கிட்டியது.

1968 முதல் 1970 வரை மும்முறை வென்ற பெர்ஷியன் வார், 1971இல் நான்காவதற்கு முயன்று புலாவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. புலா அடுத்த ஆண்டும் வென்றது. அங்கிருந்து தொடங்கும் பத்தாண்டுகளைத் தடை ஓட்டத்தின் பொற்காலம் என்று அழைப்பது வழக்கம். வழக்கமான புகழ்ச்சியாக இருந்தாலும் இந்த இடத்தில் அது மிகையில்லை. காமெடி ஆஃப் எரர்ஸ் 1973இல் வென்று, 1974இல் லான்சரோட்டிடம் தோற்று, 1975இல் பட்டத்தை மீட்டது. இழந்த பட்டத்தை மீட்ட முதல் குதிரை அதுவே. 1976, 1977இல் நைட் நர்ஸ். 1978, 1979இல் மாங்ஸ்ஃபீல்டு. 1980, 1981இல் சீ பிஜன். நைட் நர்சுக்கு டைம்ஃபார்ம் நிறுவனம் அளித்த 182 என்ற மதிப்பீட்டைவிட உயர்ந்த எண்ணை வேறெந்தத் தடை ஓட்டக் குதிரையும் பெற்றதில்லை. 1977இல் ஏன்ட்ரி மைதானத்தில் நைட் நர்சும் மாங்ஸ்ஃபீல்டும் சந்தித்தபோது இரண்டும் சமமாகவே கோட்டைத் தொட்டன.

சீ பிஜனின் கதை இன்னும் சுவையானது. 1973இன் எப்சம் டர்பியில் ஓடி ஏழாவதாக வந்த உயர்குலக் குதிரை அது. பிறகு விதையடிக்கப்பட்டுத் தாவலுக்கு வந்து, இடையிடையே செஸ்டர் கப்பை இருமுறையும் ஈபர் பந்தயத்தை ஒரு முறையும் வென்றது. செல்ட்டனத்தில் மட்டும் 1978, 1979 இரண்டு ஆண்டுகளும் மாங்ஸ்ஃபீல்டுக்குப் பின்னால் இரண்டாமிடம். கடைசித் தடையைத் தாண்டியதும் அவசரப்பட்டு முந்தினால் செங்குத்தான முடிவு மேட்டில் அதற்கு மூச்சு வாங்கும். 1981இல் ஜான் ஃபிரான்கம் கடைசி மேடு வரை அதைப் பிடித்து நிறுத்தி, இறுதியில்தான் விட்டார். 11 வயதில் வென்ற சீ பிஜன், ஹேட்டன்ஸ் கிரேசின் வயதுச் சாதனையைச் சமன் செய்தது.

1984இல் டான் ரன் என்ற அயர்லாந்துப் பெண் குதிரை, ஜோன்ஜோ ஓநீல் ஓட்ட, வென்றது. 1939இல் வென்ற ஆஃப்ரிகன் சிஸ்டருக்குப் பின் இப்பட்டம் பெற்ற முதல் பெண் குதிரை. 1986இல் கோல்டு கப்பையும் கைப்பற்றிய டான் ரன்னைத் தவிர வேறெந்தக் குதிரையும் செல்ட்டனத்தின் இவ்விரு பெரும் பட்டங்களையும் பெற்றதில்லை. அதே ஆண்டு கோடையில் பாரிசின் ஓத்தே மைதானத்தில் தடை தாண்டும்போது விழுந்து இறந்தது.

1985, 1986, 1987 ஆண்டுகள் சீ யு தென்னுக்கு உரியவை. கால்கள் மிகப் பலவீனமான குதிரை. ஆண்டுக்குச் சில முறைகூடக் களத்தில் காண்பது அரிது. முதல் வெற்றியிலேயே அதிர்ஷ்டம் இரு விதமாக விளையாடியது: எல்லோரும் பணம் கட்டியிருந்த பிரௌன்ஸ் கெசட் தொடக்கத்தில் திடீரெனப் பக்கவாட்டில் திரும்பிப் பல குதிரை நீளங்களை இழந்தது. சீ யு தென்னை ஓட்டவிருந்த ஃபிரான்கம் முந்தைய பந்தயத்தில் அடிபட, கடைசி நேரத்தில் ஸ்டீவ் ஸ்மித் எக்கிள்ஸ் ஏறினார். 1988இல் நான்காம் முறை முயலவே கால்கள் இடம் தரவில்லை. பயிற்சியாளர் நிக்கி ஹெண்டர்சன் பின்னர் பஞ்சாபி, பினாக்யுலர், புவேர் தேர், எப்பாதான்த், கான்ஸ்டிட்யூஷன் ஹில் ஆகியவற்றையும் வெல்ல வைத்து, ஒன்பது வெற்றிகளோடு பயிற்சியாளர்களில் முன்னணியில் நிற்கிறார்.

மூன்றைத் தொட்ட ஐந்தாவது குதிரை இஸ்தப்ராக். சமதளத்தில் பெரிதாகச் சோபிக்காத அதைக் கண்டெடுத்தவர் ஜான் டர்கன். தானே பயிற்றுவிக்க எண்ணியிருந்த அவர் ரத்தப் புற்றுநோயால் 1998 ஜனவரியில் இறந்தார். இரண்டே மாதங்களில், ஏடன் ஓபிரையனின் பயிற்சியில், சார்லி ஸ்வான் ஓட்ட, இஸ்தப்ராக் 12 குதிரை நீள இடைவெளியில் முதல் வெற்றியைப் பெற்றது. (வின்சென்ட்டுக்கும் ஏடனுக்கும் உறவில்லை. ஆனால் வின்சென்ட் உருவாக்கிய பாலிடாயில் பயிற்சிக்கூடத்தையே ஏடன் நடத்துகிறார்.) 1999, 2000 ஆண்டுகளிலும் வென்ற இஸ்தப்ராக், வேறெந்தக் குதிரையையும்விட நான்காம் வெற்றிக்குத் தகுதி படைத்திருந்தது என்றே சொல்லலாம். ஆனால் 2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவி, விழாவே ரத்தாயிற்று. 2002இல் களமிறங்கிய குதிரையைச் சில தடைகளுக்குள்ளேயே ஸ்வான் நிறுத்திவிட்டார். பணம் கட்டித் தோற்ற கூட்டம் ஏசவில்லை. கைதட்டி அனுப்பி வைத்தது.

இந்த நூற்றாண்டில் போக்கு மாறியிருக்கிறது. பிரான்சில் இளவயதிலேயே தடை பழகும் குதிரைகள் பெருமளவில் வாங்கப்படுகின்றன. பினாக்யுலர், புவேர் தேர், எப்பாதான்த், ஸ்டேட் மேன் ஆகியவை அந்நாட்டில் பிறந்தவையே. மறுபக்கம் டான் ரன்னைப் பயிற்றுவித்த பேடி மலின்சின் மகன் வில்லி மலின்ஸ், ஹரிக்கேன் ஃபிளை (2011, 2013), ஃபாகீன் (2015), ஆனி பவர் (2016), ஸ்டேட் மேன் (2024) ஆகியவற்றால் வென்றார். பெண் குதிரைகளின் வரவு இன்னும் குறிப்பிடத்தக்கது. முதல் 89 ஆண்டுகளில் மூன்றே பெண் குதிரைகள் வென்றிருந்தன. 2016 முதல் 2025 வரை ஆனி பவர், எப்பாதான்த், ஹனிசக்கிள், கோல்டன் ஏஸ் என நான்கு வந்துவிட்டன. பெருந்தொற்றால் பார்வையாளர் இல்லாமல் நடந்த 2021 ஓட்டத்தில் ஹனிசக்கிளை ஓட்டிய ரேச்சல் பிளாக்மோர், இப்பந்தயத்தை வென்ற முதல் பெண் ஜாக்கி. அடுத்த ஆண்டும் அதே இணை வென்றது.

2023இல் எளிதாக வென்ற கான்ஸ்டிட்யூஷன் ஹில் பல ஆண்டுகள் ஆளும் என்று பேசப்பட்டது. 2024இல் அதனால் ஓட முடியவில்லை. 2025இல் ஓடியபோது ஐந்தாம் தடையில் விழுந்தது. அதன்பின் முன்னிலையில் தனியே வந்துகொண்டிருந்த ஸ்டேட் மேன் கடைசித் தடையில் விழ, 25க்கு 1 என்ற பந்தய விகிதத்தில் ஓடிய கோல்டன் ஏஸ், லார்கன் வில்லியம்ஸ் ஓட்ட, பட்டத்தைப் பெற்றது.