டிரையம்ப் போனவில், ஹோண்டா சிபி 750: கிளப்புவதும் பராமரிப்பதும்

பழைய பைக் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, “எது சுலபமாகக் கிளம்பும்?” என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. எந்த வண்டி தன் கோளாறை முதலிலேயே காட்டிக்கொடுக்கும்? டிரையம்ப் போனவில் டி120, ஹோண்டா சிபி 750 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இது விளங்கும். போனவில் 1959இல் இங்கிலாந்தின் மெரிடன் ஆலையிலிருந்து வந்தது. 649 சிசி, இரட்டை சிலிண்டர், 46 குதிரைத்திறன். பத்து ஆண்டு கழித்து, 1969இல், ஹோண்டா 736 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 67 குதிரைத்திறன், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், கைப்பிடியில் ஸ்டார்ட்டர் பொத்தான். வேகத்திலும் விலையிலும் யார் யாரை வென்றார்கள் என்பது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. காலையில் வண்டியருகே போய் நிற்கிறவருக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்பதே இங்கு பேச்சு.

போனவில்லில் அந்த வேலை கையில் தொடங்குகிறது. பெட்ரோல் டேப்பைத் திறந்து, அமால் கார்புரேட்டர் ஒவ்வொன்றின் மேலும் உள்ள டிக்ளர் குமிழை அழுத்திப் பிடிக்க வேண்டும். பெட்ரோல் பொங்கி விரல்நுனியை நனைக்கும்போது விட்டுவிடலாம். ஒரு பக்கம் உடனே நனைந்து மறுபக்கம் காய்ந்தே கிடந்தால், அந்தப் பக்கத்து மிதவையிலோ ஊசியிலோ அடைப்பு என்று உதைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். அடுத்து, இக்னிஷனைப் போடாமல் கிளட்ச்சைப் பிடித்தபடி கிக்கரை ஒன்றிரண்டு முறை மிதிக்க வேண்டும். இரவெல்லாம் எண்ணெயில் ஒட்டிக்கிடந்த கிளட்ச் பிளேட்டுகள் பிரியும். இதைச் செய்யாதவர் முதல் கியரைப் போடும்போது ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். வண்டியும் ஒரு துள்ளு துள்ளும்.

புல்லட்டை உதைத்துப் பழகிய நம் ஊர்க் கால்கள் இங்கே டிகம்ப்ரஷர் லிவரைத் தேடும். போனவில்லில் அது கிடையாது. இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினாலும், ஒரு நேரத்தில் கம்ப்ரஷனில் இருப்பது ஒன்றுதான். காலில் முட்டுவது அந்த ஒரு சிலிண்டரின் எதிர்ப்பு மட்டுமே. அதைத் தொட்டு உணர்ந்து, கிக்கரை மேலே வரவிட்டு, அரைமனதாக இல்லாமல் முழுவதுமாக மிதித்தால் போதும்.

ஹோண்டாவுக்கு இதெல்லாம் தேவையில்லை. சோக்கை இழுத்துப் பொத்தானை அழுத்தினால் நான்கும் எழுந்துகொள்ளும். பாட்டரி இறங்கிவிட்டாலும் கிக்கர் இருக்கிறது. எழுபதுகளில் பைக் ஓட்டியவர்களுக்கு இது எத்தனை பெரிய விடுதலை என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பராமரிப்பின் சிக்கலும் இந்தச் சுலபத்திலிருந்தே தொடங்குகிறது. போனவில்லில் ஒரு சிலிண்டர் படுத்தால் பாதி எஞ்சின் போய்விடும். தெருமுனை வரைகூட ஏமாற முடியாது. ஹோண்டாவில் போவது கால்பங்குதான். பல்லக்குத் தூக்கும் நால்வரில் ஒருவர் தோளை மட்டும் கொடுத்துவிட்டுப் பாரம் தாங்காமல் நடப்பதுபோல, சுணங்கிய சிலிண்டரை மற்ற மூன்றும் இழுத்துக்கொண்டு போகும். ஐட்லிங் கொஞ்சம் தடுமாறும். உரிமையாளர் ஐட்லிங் ஸ்க்ரூவை அரைச்சுற்று ஏற்றிவிட்டால் அந்தத் தடுமாற்றமும் மறைந்துவிடும். பழுது மட்டும் உள்ளேயே இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி அரை நிமிடம் ஓடவிட்டு, நான்கு எக்ஸாஸ்ட் குழாய்களிலும் எஞ்சினுக்கு நெருக்கமான இடத்தில் விரலால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மூன்றில் தண்ணீர் சீறி மறையும். வேலை செய்யாத சிலிண்டரின் குழாயில் அது மெதுவாக வழிந்து இறங்கும். காரணத்தையும் இங்கேயே ஊகிக்கலாம். சிபி 750இல் இரண்டே காயில்கள், இரண்டே பாயின்ட்டுகள். 1, 4 சிலிண்டர்களுக்கு ஒரு ஜோடி, 2, 3க்கு இன்னொரு ஜோடி. ஜோடியாகக் குளிர்ந்து கிடந்தால் பாயின்ட், கண்டென்சர், காயில் பக்கம் போக வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் முதலில் பிளக், பிறகு கார்புரேட்டர்.

டேப்பட் வேலையில் இரண்டுக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றே. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட் 0.05 மி.மீ.; எக்ஸாஸ்ட் ஹோண்டாவில் 0.08, டிரையம்பில் 0.10. போனவில்லில் இடது இன்லெட் வால்வு முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் வலது இன்லெட்டைச் சரிசெய்ய வேண்டும். பிறகு மாற்றிச் செய்ய வேண்டும். நான்கு மூடிகளைக் கழற்றினால் வேலை தீர்ந்தது. வேலை முடிந்ததும் அந்த மூடிகளை ஒழுங்காக முடுக்காவிட்டால், எஞ்சினின் நடுக்கத்தில் கழன்று சாலையில் விழுந்துவிடும். ஹோண்டாவில் மூடிகள் எட்டு. அதிர்வு குறைவு என்பதால் அளவும் நீண்டநாள் நிற்கும். ஆனால் ஹெட்டைத் திறக்கும் நிலை வந்துவிட்டால் கதை மாறும். டிரையம்பின் ஹெட்டை வண்டியிலிருந்தபடியே கழற்றலாம். சிபி 750க்கு எஞ்சினையே ஃபிரேமிலிருந்து இறக்கியாக வேண்டும்.

கார்புரேட்டர்களில்தான் இரண்டு வண்டிகளும் வெகுதூரம் விலகுகின்றன. அமால் இரண்டையும் காதாலும் விரலாலும் இசைத்துவிடலாம். ஸ்லைடுகள் ஒரே கணத்தில் எழுகின்றனவா என்று த்ராட்டிலை மெல்லத் திருப்பித் தொட்டுப் பார்த்தால் தெரியும். அவற்றின் துத்தநாகக் கலவை உடல் சீக்கிரம் தேய்ந்துபோகும். தேய்ந்த பிறகு எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் ஐட்லிங் நிலைக்காது. ஹோண்டாவின் நான்கு கெய்ஹின்களைக் காதை நம்பி இசைக்கக் கூடாது. வேக்குவம் கேஜ் நான்கையும் மாட்டி, முள்கள் ஒரே அளவில் நிற்கும்வரை பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும். தொடக்க கால மாடல்களில் த்ராட்டில் கேபிள் ஒன்றிலிருந்து நான்காகப் பிரியும். நான்கும் ஒரே மாதிரி நீளாது; இன்று சரிசெய்தது சில வாரத்தில் கலைந்துவிடும். பிறகு வந்த மாடல்களில் நான்கையும் ஒரே தண்டில் இணைத்து ஹோண்டா இதைத் தீர்த்தது. வாங்க வாய்ப்பிருந்தால் ஓட்டுவதற்கு அந்த மாடலைத்தான் நான் சொல்வேன், முதல் மாடலுக்குச் சேகரிப்பாளர்கள் எவ்வளவு கொடுத்தாலும்.

ஆயில் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே பழக்கம், ஒரே ஆபத்து. இரண்டிலும் ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. வண்டி பல நாள் நின்றால் அது பம்பின் வால்வு வழியாகக் கசிந்து எஞ்சினின் அடியில் இறங்கிவிடும். தொட்டியில் குறைந்திருப்பதைப் பார்த்து மேலே ஊற்றுகிறவர், கிளப்பிய சில நிமிடத்தில் ஆயில் வழிந்து புகை மண்டுவதைக் காண்பார். முதலில் ஓடவிட்டு, பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். டிரையம்பில் தொட்டி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால், திரும்பி வரும் ஆயில் குழாய் வாயில் விட்டுவிட்டுத் துப்புவது தெரியும். அது தெரியாவிட்டால் எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும்.

ஹோண்டாவின் முன்புறம் ஆயில் ஃபில்டர் இருக்கிறது. கழற்றி மாற்றினால் முடிந்தது. போனவில்லில் இருப்பது கம்பிவலைதான். கசடு கிராங்கின் உள்ளே இருக்கும் ஒரு குழாயில் சேர்கிறது. அதைச் சுத்தம்செய்ய எஞ்சினைப் பிளக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் அதைச் செய்தாரா என்று சொல்ல ஆளில்லை என்றால், செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவைப்பவர்களுக்குச் சிபி 750ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐட்லிங் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பெட்ரோல் காய்ந்து பிசினானால் முதலில் அடைபடுவது அதுதான், அதுவும் நான்கு இடத்தில். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. அமால்களை ஒரு மாலை நேரத்தில் இறக்கிச் சுத்தம்செய்து மாட்டிவிடலாம். ஹோண்டாவின் நான்கையும் ஒன்றாக உருவியெடுக்க, கல்லாக இறுகிப்போன ரப்பர் குழாய்களோடு மல்லுக்கட்ட வேண்டும். வாரம் ஒருமுறையாவது ஓட்டுகிறவருக்கு அந்தத் தொல்லை வராது. அப்படி ஓட்ட முடியாதவர் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, நான்கு கார்புரேட்டர்களின் மிதவைக் கிண்ணங்களையும் கழற்றித் துடைத்து வைத்துவிட்டே ஷெட்டைப் பூட்ட வேண்டும்.