ஐந்தாண்டு இடைவெளி

வார்சா அரச மாளிகையையும் பெர்லின் நகர அரண்மனையையும் ஒரே தராசில் வைக்கப் பலரும் தயங்குவார்கள். ஒன்று போலந்தின் ஆறாத காயம். மற்றொன்று பிரஷ்ய அதிகாரத்தின் அடையாளம். ஆனால் இரண்டு நகரங்களுக்கும் ஒரே சிற்பியின் கை உறவு உண்டு. பெர்லின் அரண்மனைக்கு 1698 முதல் பரோக் உருவம் தந்த ஆந்த்ரேயாஸ் ஷ்லூட்டர், அதற்கு முன் வார்சாவில் கிராசின்ஸ்கி மாளிகையின் முகப்புச் சிற்பங்களைச் செதுக்கியவர்.

அழிவிலும் வியப்பூட்டும் ஒற்றுமை உண்டு. வார்சா மாளிகை 1939 செப்டம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் எரிந்தது. 1944இல் அதை ஜெர்மானியர் வெடிவைத்துத் தகர்த்தனர். பெர்லின் அரண்மனை 1945 பிப்ரவரியில் அமெரிக்கக் குண்டுவீச்சில் எரிந்தது. 1950இல் அதைக் கிழக்கு ஜெர்மன் அரசு வெடிவைத்துத் தகர்த்தது. முதலில் நெருப்பு, ஐந்தாண்டு கழித்து வெடிமருந்து. இரண்டு இடத்திலும் குண்டுக்குத் தப்பிய சுவர்களை வீழ்த்தியது அரசியல் முடிவுதான்.

இங்கே பாதைகள் பிரிகின்றன. பெர்லினில் அரண்மனையை இடித்தது பொதுவுடைமை அரசு. வார்சாவிலோ 1971இல் மாளிகையை மீட்டெழுப்ப முடிவெடுத்ததே பொதுவுடைமை அரசு. மக்கள் நன்கொடை தந்தார்கள். போர்க்காலத்தில் கலை வரலாற்றாளர் ஸ்டானிஸ்வாவ் லோரென்ட்ஸ் முதலியோர் உயிரைப் பணயம் வைத்து மீட்ட ஓவியங்களும் சிற்பத் துண்டுகளும் மீண்டும் தத்தம் இடம் சேர்ந்தன. 1939இல் 11.15க்கு நின்றுபோன கோபுரக் கடிகாரம், 1974 ஜூலை 19 அன்று அதே 11.15க்கு ஓடத் தொடங்கியது. இந்தச் செய்தியை எத்தனை முறை படித்தாலும் மனம் நெகிழ்கிறது.

பெர்லினில் அப்படி ஒரு நெகிழ்ச்சிக்கு இடமில்லை. பழைய அரண்மனை நின்ற மண்ணில் 1976 முதல் கிழக்கு ஜெர்மன் அரசின் குடியரசு மாளிகை இருந்தது. கிழக்கு பெர்லின்காரர்கள் அங்கே நடனமாடினார்கள், விருந்துண்டார்கள். அதைப் பிரித்தெடுத்த பிறகே கட்டடக் கலைஞர் ஃபிராங்கோ ஸ்டெல்லாவின் புதிய அரண்மனை எழ முடிந்தது. வெளியே மூன்று பக்கம் பரோக், ஆற்றுப் பக்கம் வெறும் நவீனச் சுவர், உள்ளே அருங்காட்சியகம். வார்சா அரச அறைகளையும் மீட்டது. பெர்லின் முகத்தை மட்டும் மீட்டது.

இரண்டும் நகல்களே. எனினும் வார்சாவினுடையது பறிகொடுத்ததை மீட்ட செயல். பெர்லினுடையது ஒரு நினைவை அகற்றி இன்னொன்றை அமர்த்திய தேர்வு என்றே நான் கருதுகிறேன்.

1918இல் புரட்சித் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட் சோசலிசக் குடியரசை அறிவித்த, பழைய பெர்லின் அரண்மனையின் நான்காம் வாயிலின் நினைவாக, அதன் எஞ்சிய துண்டுகளைக் கிழக்கு ஜெர்மன் அரசு தன் அரசு மன்றக் கட்டடத்தில் பதித்தது. இன்று புதிய அரண்மனையிலும் ஒரு நான்காம் வாயில் நிற்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில நிமிடங்களில் நடந்தே போய்விடலாம்.