உள்ளறியா வாசகர்: கருவி விளக்கங்களின் ஒரு சிறு வரலாறு

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே 6 அன்று எட்சாக் என்னும் கணிப்பொறி தன் முதல் நிரலை இயக்கியது. அதனை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ் குழுவினர் ஓர் எளிய உண்மையை விரைவில் கண்டுகொண்டனர். வர்க்கமூலம் காண்பது போன்ற பொதுவான கணக்குகளுக்கு ஒவ்வொருவரும் புதிதாகக் கட்டளை எழுத வேண்டியதில்லை; ஒருவர் எழுதியதைப் பிறர் எடுத்தாளலாம். அத்தகைய துணைநிரல்களைக் காகித நாடாக்களில் துளையிட்டுச் சேர்த்து வைத்தனர். அத்தொகுதிக்கு அவர்கள் இட்ட பெயர் நூலகம். 1951-இல் அதில் 87 துணைநிரல்கள் இருந்தன.

அதே ஆண்டில் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் நிரல் எழுதுதல் குறித்து வெளியிட்ட நூலில், இத்துணைநிரல்களின் விவரங்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினர். அடுத்த ஆண்டு வீலர் ஒரு கட்டுரையில் தம் பட்டறிவைப் பதிவு செய்தார். துணைநிரலை எழுதிச் சோதித்த பின்னும் ஒரு பெரும்பணி எஞ்சுகிறது; உள்ளே என்ன இருக்கிறதென அறியாதவரும் எளிதில் பயன்படுத்துமாறு அதனை விளக்கி எழுதுவதே அது; ஒருவேளை அதுவே எல்லாவற்றிலும் கடினமான பணி என்பது அவர் கருத்து. பின்னாளில் ஏ.பி.ஐ. என்று பெயர் பெற்ற இடைமுகங்களின் ஆவண வரலாறு முழுவதும் இக்கூற்றின் விரிவே எனலாம்.

1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸ் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் ஆகியவற்றோடு 'பிழைகள்' என்றொரு பகுதியும் இருந்தது. தம் படைப்பின் குறையைத் தாமே எழுதி வைக்கும் நேர்மை அது. 'உரியவர்' என்ற பகுதியும் இருந்தது. ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது என்பதை அது சொல்லிற்று. அந்த ஒரு வரியை நாம் நினைவில் இருத்திக்கொள்வோம்.

இணையம் பரவிய பின் கருவியை எழுதியவரும் பயன்படுத்துபவரும் முகம் அறியாதவராயினர். 2011-இல் தோன்றிய ஸ்வாகர், ஓர் இடைமுகம் எந்த உள்ளீட்டை ஏற்கும், எதைத் திருப்பித் தரும் என்பதை இயந்திரமும் படிக்கத்தக்க வடிவில் எழுத வழிசெய்தது. பின்னர் அது ஓப்பன் ஏ.பி.ஐ. என்னும் பொது வரையறையாயிற்று. ஆயினும் அது சொன்னது வடிவத்தை மட்டுமே. எப்போது பயன்படுத்த வேண்டும், எப்போது கூடாது என்பதை மனிதர் தம் அறிவால் நிரப்பிக்கொண்டனர்.

2023-இல் வாசகரே மாறினார். மனித மொழியில் ஓர் இலக்கைச் சொன்னால், எக்கருவியை அழைப்பது எனத் தானே முடிவு செய்யும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் வந்தனர். அவ்வாண்டு பெர்க்லி ஆய்வாளர்கள் 'கொரில்லா' என்ற ஆய்வில், மொழி மாதிரிகள் இல்லாத இடைமுகங்களையும் இருப்பவைபோல் கற்பித்துக்கொள்வதைக் காட்டினர். உரிய ஆவணத்தைக் கையில் கொடுத்தால் பிழை குறைந்தது. பொருந்தாத ஆவணத்தைக் கொடுத்தால் சில வேளைகளில் விடை முன்னிலும் கெட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. என்னும் நெறிமுறையில், ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும் விளக்கத்தையும் முகவரிடம் தானே எடுத்துரைக்கிறது.

மதிப்பீடும் அதற்கேற்ப மாறிற்று. 2024-இல் வந்த 'டாவ் பெஞ்ச்' என்னும் தேர்வு, பணி முடிந்தபின் தரவுத்தளம் எந்நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்தது. ஒரே பணியைப் பலமுறை கொடுத்தும் சோதித்தது. அப்போது முன்னணியில் இருந்த ஜிபிடி-4ஓ மாதிரி, சில்லறை வணிகப் பணிகளில் எட்டு முறையும் தவறாமல் முடித்தவை 25 விழுக்காட்டிற்கும் குறைவே. ஒருமுறை சரியாகச் செய்வது வேறு, நம்பத்தக்கதாய் இருப்பது வேறு என்பதை இத்தேர்வு தெளிவாக்கிற்று.

நூலின் குற்றங்களை எண்ணிய பவணந்தியார், குறைத்துச் சொல்வதையும் மிகுத்துச் சொல்வதையும் அவற்றுள் வைத்தார். கருவி விளக்கங்களிலும் அவ்விரண்டையே நாம் காண்கிறோம். 03-04-2025 என்பது ஏப்ரல் 3-ஆம் நாளா, மார்ச் 4-ஆம் நாளா என்று விளக்கம் சொல்லாவிடில், மனித வாசகர் உரியவரைத் தேடிக் கேட்பார். முகவரோ பெரும்பாலும் ஒன்றை ஊகித்துக்கொண்டு பயணச்சீட்டைப் பதிவு செய்துவிடுகிறார். மறுபுறம், ஒன்றையொன்று ஒத்த கருவிகளுக்கு நீண்ட விளக்கங்களைக் குவித்தால், எதைத் தேர்வது என்பதிலேயே தடுமாற்றம் நேர்கிறது. மூன்றாவதாக, நன்னூலார் எண்ணியிராத ஒரு குற்றமும் உண்டு. விளக்கத்திற்குள்ளேயே தீய கட்டளையை ஒளித்து வைத்து முகவரை ஏமாற்ற இயலும் என்பதை 2025-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்து காட்டினர்.

முன்பெல்லாம் மோசமான விளக்கத்தின் விலையை வாசகர் தம் நேரத்தால் கொடுத்தார். இன்று அவ்விலையை, அந்த விளக்கத்தைக் கண்ணாலும் பாராத மூன்றாமவர் கொடுக்கிறார். தவறிய பயணமும் அழிந்த பதிவும் அவருடையவை. ஆகவே கருவியைச் சோதிப்பதோடு நில்லாமல் அதன் விளக்கத்தையும் சோதிக்க வேண்டும். ஒரு சொல்லை மாற்றினால் மீண்டும் சோதிக்க வேண்டும். கடினமான பணி என்று வீலர் குறித்தது இன்று பொறுப்புமிக்க பணியாகவும் ஆகியிருக்கிறது. எழுத்தைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது அந்நியமான செய்தி அன்று.