கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு பள்ளி தொடங்கிய பேகம் ரொக்கையா

வங்கத்து முஸ்லிம் பெண்களின் கல்வி வரலாற்றில் முதலில் சொல்லப்படும் பெயர் பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைன். பிறந்த ஊரை விட்டுக் கணவர் ஊருக்கும், கணவரை இழந்த பின் அந்த ஊரையும் விட்டு அறிமுகமில்லாத நகரத்துக்கும் பெயர்ந்து வந்து, அங்கே ஆசிரியையாக வாழ்ந்தவர் அவர்.

பிறப்பும் கல்வியும்

இன்றைய பங்களாதேஷின் ரங்பூர் பகுதியில் உள்ள பைராபந்து கிராமத்தில் 1880-ல் ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். அந்த வீட்டுப் பெண்களுக்குக் குர்ஆன் ஓதவும் உருது, பார்சி படிக்கவும் அனுமதி உண்டு. வங்காளமும் ஆங்கிலமும் கூடாது. அண்ணன் இப்ராஹீம் சாபிர், வீட்டார் உறங்கிய பின் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுத்தார். வங்காளம் கற்க உதவியவர் அக்கா கரீமுன்னிஸா. ரொக்கையா பள்ளிக்கூடத்துக்குச் சென்று படித்ததே இல்லை.

பாகல்பூர் வாழ்க்கை

பீகாரின் பாகல்பூரைச் சேர்ந்த டெபுடி மாஜிஸ்திரேட் சையத் சகாவத் ஹுசைனுக்கு மணமுடிக்கப்பட்டார். மனைவி எழுதுவதைக் கணவர் ஊக்குவித்தார். ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற கதை 1905-ல் நம் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில்தான் முதலில் அச்சானது. பிறந்த இரு பெண் குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்தன. 1909-ல் கணவரும் வஃபாத்தானார். பெண்கள் பள்ளிக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருந்த 10,000 ரூபாயைக் கொண்டு, அதே ஆண்டில் பாகல்பூரில் 5 மாணவிகளுடன் பள்ளி தொடங்கினார். ஆனால் கணவரின் முதல் மனைவிக்குப் பிறந்த மகளின் குடும்பத்தோடு ஏற்பட்ட சொத்துத் தகராறு அவரை ஊரை விட்டே போக வைத்தது.

கல்கத்தாவில்

1911 மார்ச் 16 அன்று வலியுல்லாஹ் சந்தில் ஒரு வாடகை வீட்டில் 8 மாணவிகளோடு சகாவத் நினைவுப் பள்ளியை மீண்டும் தொடங்கினார். பள்ளியையே பார்த்திராதவர் என்பதால், நகரத்தின் மற்றப் பெண்கள் பள்ளிகளுக்குச் சென்று பாடம் நடத்தும் முறையைக் கவனித்துக் கற்றுக்கொண்டார். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசினார். குர்ஆனோடு மொழிப்பாடங்கள், தையல், சமையல், நோயாளியைப் பராமரித்தல் ஆகியவையும் கற்பிக்கப்பட்டன.

பர்தாவுக்குப் பங்கம் வராமல் பிள்ளைகளை அழைத்து வர முழுவதும் மூடிய மோட்டார் வண்டி ஏற்பாடானது. காற்றும் வெளிச்சமும் இன்றிப் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். அடைப்பை எடுத்துத் திரை போட்டார். திரை காற்றில் பறக்கிறது, பர்தா போகிறது என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன. அடைத்தால் பிள்ளைக்கு ஆபத்து, திறந்தால் பள்ளிக்கு ஆபத்து! இந்த நிலையிலும் அவர் பள்ளியை மூடவில்லை. இந்த அனுபவத்தை 1931-ல் வெளியான 'அவரோத்பாசினி' நூலில் அவரே பதிவு செய்துள்ளார்.

அவர் பர்தாவை எதிர்த்தவர் அல்லர். புர்கா அணிந்தே பொதுப்பணி செய்தார். மார்க்கம் சொன்ன பர்தா வேறு, பெண்ணை அறிவின்றி அடைத்து வைக்கும் வழக்கம் வேறு என்பதே அவரது வாதம். கல்வியைத் தேடுவது ஆண், பெண் இருவர் மீதும் கடமை என்ற நபிகளாரின் (ஸல்) போதனையையே ஆதாரமாகக் காட்டினார். 1916-ல் 'அஞ்சுமனே கவாதீனே இஸ்லாம்' அமைப்பை நிறுவி, ஏழை விதவைகளுக்கு உதவினார்; குடிசைப் பகுதிப் பெண்களுக்கு எழுத்தறிவித்தார்.

1932 டிசம்பர் 9 அன்று வஃபாத்தானார். பெண்களின் உரிமை பற்றிய கட்டுரை ஒன்று முடிவுறாமல் மேசையில் இருந்தது. பங்களாதேஷில் அந்த நாள் இன்றும் ரொக்கையா தினம். அவர் தொடங்கிய பள்ளி அரசுப் பள்ளியாகக் கல்கத்தாவில் தொடர்ந்து நடக்கிறது.

மகளின் படிப்பை நிறுத்த நினைக்கும் பெற்றோர், நாம் காப்பது மார்க்கத்தையா, வழக்கத்தையா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும். அல்லாஹ் அன்னாரின் பணியைப் பொருந்திக்கொள்வானாக, ஆமீன்.