மூணாற்றின் ஒற்றைத் தண்டவாளம்

சரித்திரத்தை அரசர்தம் போர்களிலே மாத்திரம் தேடுவார் பலர். பாதைகளுக்கும் சரித்திரம் உண்டு. இன்று உல்லாசப் பிரயாணிகள் திரண்டு செல்லும் மலைநகராகிய மூணாற்றிலே ஒருகால் ஒற்றைத் தண்டவாளப் பாதையொன்று இருந்தது. அதன் வாழ்வும் வீழ்வும் நம் இளைஞர் சிந்திக்கத்தக்கன.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடமாதலின் அவ்வூர் மூணாறு எனப் பெயர் பெற்றது. 1877-ல் ஜோன் டானியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் அங்கே தேயிலைத் தோட்டங்கள் பெருகின. கொழுந்து கிள்ள மலையேறியவர் பெரும்பாலும் தமிழரே. நம் மலையகத்தின் கதையும் இதுவேயன்றோ!

விளைந்த தேயிலையை மலையினின்றும் இறக்குவதெப்படி? 1902-ல் மூணாற்றிலிருந்து டொப் ஸ்டேசன் வரை தெருவோரமாக ஒற்றைத் தண்டவாளம் இடப்பட்டது. சிறிய சில்லு தண்டவாளத்தில் உருள, பெரிய சில்லொன்று தெருவில் ஊன்றி வண்டி சாயாது காத்தது. இழுத்தவை எருதுகள். டொப் ஸ்டேசனிலிருந்து தேயிலை கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டிகளிற் போடிநாயக்கனூர் சென்றது. பாட்டியாலா சமஸ்தானத்திலும் இம்முறையிலமைந்த பாதையொன்று 1907 முதல் 1927 வரை ஓடியது.

1908-ல் மூணாற்றின் ஒற்றைத் தண்டவாளம் நீங்கி, 2 அடி அகலப் புகையிரதப் பாதை வந்தது. எருதின் இடத்தை நீராவி யந்திரம் பிடித்தது. அந்த வாழ்வும் நீடிக்கவில்லை. 1924 யூலையில், கொல்லம் ஆண்டு 1099-ல், பெருவெள்ளம் பாதையைச் சிதைத்தது. அது திரும்பக் கட்டப்படவேயில்லை. 1931-ல் ஆலுவாயிலிருந்து புதிய தெரு திறக்கப்பட்டது. மோட்டார் வண்டிகள் அச்சுமையை ஏற்றன. பழைய புகையிரத நிலையம் தேயிலைக் கம்பனியின் காரியாலயமாயிற்று.

அதே 1902-ல்தான் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்குமிடையே நம் புகையிரதமும் ஓடத் தொடங்கியது. 1990-ல் யுத்தத்தால் அது நின்றது, தண்டவாளங்களும் மறைந்தன. எனினும் 2014-ல் யாழ்ப்பாணம் வரையும், 2015-ல் காங்கேசன்துறை வரையும் மீண்டும் வந்தது.

ஒன்று மாண்டதும் மற்றொன்று மீண்டதும் ஏன்? மூணாற்றுப் பாதை தேயிலைக்காகப் பிறந்தது. தேயிலைக்கு வேறு வழி கிடைத்ததும் அதைக் கேட்பாரில்லை. நம் பாதையோ மாணவரையும் உத்தியோகத்தரையும் வியாபாரிகளையும் சுமந்தது. அதனை இழந்த மக்கள் கால் நூற்றாண்டாக அதற்கு ஏங்கினர். இரும்பு துருப்பிடிக்கும், வெள்ளமும் யுத்தமும் அதைப் பெயர்க்கும். மக்களுக்கு வேண்டியதாயிருக்கும் பாதையே மீண்டெழும். நாம் தொடங்கும் பொதுப்பணிகள் ஒவ்வொன்றையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தல் நன்று.